ஓவனுக்குள் நுழையாத ட்ரே

டிசம்பர் 12

கார்பென்டர் இன்று சமையலறை அலமாரியை அறுத்து, மகள் ஜெனி வாங்கிய ஓவனைக் கச்சிதமாகப் பொருத்திவிட்டார்.

"இனிமே கேக்கு மாவத் தூக்கினு பேக்கரில போய் நிக்காதம்மா," என்றாள்.

எல்லாவற்றையும் அளந்தோம், கேக் ட்ரேயைத் தவிர. அது உள்ளே போகவில்லை.

"இரும்புக்கடைல போட்டுட்டு புச்சு வாங்கிக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணத்துக்கு முன், கிறிஸ்துமஸ் கூட்டத்தில், மாவைச் சுடக் கொடுத்த பேக்கரியிலிருந்து நான் தவறுதலாக மாற்றி எடுத்து வந்த ட்ரே இது. "எங்க வூட்டு கேக்க துன்னுட்டீங்களா?" என்று இதைத் தேடி வந்தவர்தான் அவளுடைய அப்பா. அவர் போய்விட்டார். ட்ரேயின் அடியில் அடையாளத்துக்குச் சிவப்பு நெயில்பாலிஷில் அவர் எழுதிய தன் பெயர் மட்டும் போகவில்லை.

ஓவனில் ஜெனி பீட்சா சுட்டுக்கொள்ளட்டும். இந்த வருஷமும் நான் பேக்கரி வரிசையில்தான் நிற்பேன்.