இடது பக்கத்துக் கைப்பிடி

8-2-1987, ஞாயிறு. பள்ளிபாளையம்.

தறி ஓட்டுற செல்லமுத்து இன்னைக்கு என் வீடியோ கேம் கடைக்கு வந்தார். தறியில விரல் நசுங்கி ரெண்டு மாசம் கட்டுப் போட்டிருந்த மனுஷன். அதுக்கு முன்னாடி கார் ரேஸ்ல அவரை நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல.

"உங்களை ஜெயிச்சுட்டா நாளைக்கே தறிக்குப் போயிருவேனுங்க"ன்னார்.

கடைசியா ஜெயிச்சவனுக்கு வலது நாற்காலிங்கறது எங்க கடை வழக்கம். அதுக்கு முந்துன ஆட்டத்துல ஜெயிச்சது நான். அதைச் சொல்லியே அவரை இடது பக்கம் உக்கார வெச்சேன். அந்தப் பக்கம் காரைத் திருப்புற கைப்பிடியில ஸ்பிரிங் உடைஞ்சு, போன வாரம் நான்தான் ஒரு தறி ஸ்பிரிங்கை மாட்டியிருந்தேன். திருப்பினா முரண்டு பிடிக்கும். தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கல. ஒரு தடவையாவது அவரை ஜெயிக்கணும், அவ்வளவுதான்.

ஜெயிச்சேன். சுத்தி நின்னவங்க கை தட்டுனாங்க. அவர் கைப்பிடியைக் குறையே சொல்லல. தன் விரலைத்தான் பார்த்தார்.

"இந்தக் கை இனி ஆவாதுங்க"ன்னு எந்திரிச்சுப் போயிட்டார். நாளைக்குத் தறிக்குப் போகமாட்டார்.

கடையைச் சாத்திட்டு அதே இடது பக்கம் உக்காந்து ஆடிப் பார்த்தேன். எனக்குப் பத்து விரலும் நல்லாத்தான் இருக்குது. முதல் வளைவுலயே கார் மோதிருச்சு.

அவர் கடைசிச் சுத்து வரைக்கும் ஓட்டிட்டு வந்தார்.