மிச்சத் தார் வேண்டாம்

வெர்லின்,

ஓவனில் முட்டையும் உருளைக்கிழங்கும் இருக்கின்றன, சாப்பிடு. உன் வண்டிச் சாவியைத் தேடாதே, என்னிடம் இருக்கிறது. நம் பேக்கரி முன்னால் உள்ள கார் நிறுத்துமிடத்துக்குள் நுழையும் வழியை அடைத்து என் காரை நிறுத்திவிட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பேன்.

நேற்று வந்த தார் போடும் ஆள், "ஹைவேல போட்டது மிச்சமிருக்கு சார், பாதி விலைதான், காலைல கொட்டிடறோம்" என்றான். நீயும் தலையாட்டினாய். நேற்று மிஞ்சிய தார் இன்று காலைவரை எப்படிச் சூடாக இருக்கும் என்று கேட்டேன். "உனக்கு மாவ விட்டா என்ன தெரியும்" என்றாய்.

பேக்கரி முன்கதவருகே உள்ள பள்ளத்தில் தண்ணீர் உறைந்துதான் ஜனவரியில் தபால்கார மார்லிஸ் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அது எனக்குத் தெரியும். அங்கே தோண்டி, ஜல்லி போட்டு இறுக்கி, தண்ணீர் ஓட வாட்டம் வைக்கும்வரை ஒரு கரண்டி தார்கூட விழாது. அவன் லாரியில் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

டோரீன்

பி.கு. பேக்கரியின் பின்கதவைப் பூட்டிவிட்டேன். வாடிக்கையாளர்கள் வருகிற வழியில் நீயும் ஒருநாள் நடந்து வா. மழை பெய்திருக்கிறது, பள்ளம் நிறைந்திருக்கும், பூட்ஸ் போட்டுக்கொள்.

இன்று மாவை நீ பிசை. எனக்குத் தார் வேலை இருக்கிறது.