நீதிபோதனை டீச்சர் சொன்ன வார்த்தை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா?

பாப்பாவின் பள்ளியில் நீதிபோதனை வகுப்பு வேண்டுமா என்று பெற்றோரிடம் கேட்டார்களாமே. நான் கூட்டித் துடைக்கிற இந்தப் பள்ளியில் அது உண்டு. நேற்று டீச்சர் பலகையில் ‘எல்லோரையும் மதி’ என்று எழுதியிருந்தார். ஒரு சிறுமி பெயிண்டைக் கொட்டிவிட்டுத் துடைக்கக் குனிந்தாள்.

“நீ ஏம்மா தொடைக்கிற? அதுக்குத்தானே இது இருக்கு!” என்று டீச்சர் என்னைக் காட்டினார்.

‘இது’வாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரத்துணியை அவர் மேசைமேலேயே வைத்துவிட்டு வெளியேறினேன். வேலை போகவில்லை, பயப்படாதீர்கள்.

வகுப்பு வேண்டும் என்றே எழுதிக் கொடுங்கள். முதல் பெஞ்சில் டீச்சர்கள் உட்காரட்டும் என்றும் எழுதுங்கள்.

கை வெடித்திருக்கிறது, களிம்பு அனுப்புங்கள். பாப்பா குரலைக் கேட்டு ஒன்பது நாளாகிறது. மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.