முன் பிரேக் பிடிக்கும் கை

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் மழை. மேனாம்பேடு முழுக்கச் சேறு. ஷூ இன்னும் காயவில்லை. அம்மா தூங்கிவிட்டாள், அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். போர்வைக்குள் எழுதுகிறேன்.

அண்ணன் ஜெரி மறுபடி பைக்கைப் பிரித்துவிட்டான். ஜனவரியில் நசரத்பேட்டையில் லாரி தட்டியதிலிருந்து அது போர்ட்டிகோவில்தான். நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த பெரிய பைக். முன்னால் கண்ணாடித் தடுப்பு, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. மெக்கானிக்கிடம் விடமாட்டான். "எவன் தொட்டாலும் ஒரு போல்ட்ட லூசா வுட்ருவான்." ஹேண்டில்பார் மாற்றியாயிற்று, உடைந்த பக்க மூடி மாற்றியாயிற்று. முன் பிரேக்தான் பாக்கி.

வாங்க: பிரேக் ஆயில், மெல்லிய ட்யூப், எனக்கு கிராஃப் ஷீட். துடைக்கத் துணி வேண்டாமாம், என் பழைய சுடிதாரைக் கிழித்துவிட்டான். கேட்கக்கூட இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் வண்டியை மந்திரிப்பார். அம்மா சொல்லி வைத்துவிட்டாள். அங்கிருந்தே அண்ணன் நண்பர்களோடு ஏலகிரி.

லாரி தட்டிய அன்று அவன் வலது முழங்கையும் உடைந்தது. "கை சரியாவலன்னா வண்டிய வித்துடுவேன்" என்றார் அப்பா. கட்டுப் பிரித்ததும் அண்ணன் கையைத் தூக்கி, மடக்கிக் காட்டினான். அப்பா நம்பினார். எல்லாரும் நம்பினோம்.

ஜூலை 9, புதன்

வெயில். கெமிஸ்ட்ரி ரெக்கார்டு முடிக்கவில்லை.

முன் பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியே எடுத்தோம். எப்போதும் அவன் மேலே, வலது கைப்பிடியில், பிரேக் லீவரைப் பிடித்து அழுத்துவான், நான் கீழே உட்கார்ந்து திருகைத் திறந்து மூடுவேன். இன்று, "நீ லீவர் புடி, கீழ நான் பாத்துக்கறேன்."

அழுத்தினேன். "வுடாத. வுடாத. ஏய், வுடாதன்றேன்ல. ம், இப்ப வுடு." ட்யூபில் குமிழ் குமிழாக வந்தது. என் விரல்கள் வலித்தன.

ஸ்பேனரை இடது கையால் திருப்பினான். அவன் இடது கைக்காரன் இல்லை. இரண்டு முறை கீழே போட்டான். "ஆயில் கைடி, வழுக்குது." கையில் ஆயிலே இல்லை.

கடைசியில் லீவர் கெட்டியானது. "கல்லு மாதிரி ஆயிடிச்சாடி?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "சூப்பர்" என்று எழுந்து போய்விட்டான்.

லீவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நான் முடுக்கிய ஒரு திருகைக்கூட மறுபடி முடுக்கிப் பார்ப்பவன்.

ஜூலை 10, வியாழன்

பிசிக்ஸ் டெஸ்ட் மோசம். மிஸ் பேப்பரைக் கொடுத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள்.

பாத்திரம் தேய்க்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அண்ணன் பைக்கில் உட்கார்ந்திருந்தான். இடது கையால் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து லீவர் மேல் வைத்தான். அழுத்தினான். கட்டைவிரலும் அதற்கடுத்ததும் மடங்கின. கடைசி இரண்டு விரலும் கொக்கி மாதிரி அப்படியே. லீவர் அசையவே இல்லை.

குழாயைத் திறந்தே விட்டிருந்தேன். அம்மா, "தண்ணி போவுது பாரு, கனவா காண்ற?"

ஜூலை 11, வெள்ளி

கேட்டுவிட்டேன். "அண்ணா, என் கைய அமுக்கு." முதலில் சிரித்தான். "இன்னாடி, கைரேகை பாக்கறியா?" நான் கையை எடுக்கவில்லை. அமுக்கினான். ஈரத்துணி பட்டது மாதிரி இருந்தது.

"அவ்ளோதானா?"

"காலைல நல்லா கீது. போகப் போக மரத்துப் போவுது. ஆக்ஸிலேட்டருக்கு ரெண்டு விரல் போதும். பின் பிரேக் கால்ல கீதில்ல?"

"முன் பிரேக்தான் வண்டிய நிறுத்தும்னு நீதான் சொன்ன."

முகம் மாறிவிட்டது. "யார்கிட்டயாவது வாயத் தொறந்த, அதோட தங்கச்சியே இல்ல எனக்கு. அப்பா வித்துடுவாரு. புரியுதா? எனக்கு வேற இன்னா கீது?"

உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். அம்மா புளிசாதத்துக்குப் புளி ஊறப்போட்டாள். அப்பாவிடம் சொன்னால் பைக் போய்விடும். அம்மாவிடம் சொன்னால், தீர்த்தம் தெளித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பாள். சொல்லாவிட்டால் ஏலகிரி மலை வளைவுகள்.

தினேஷ் அண்ணா வந்தார், அண்ணனோடு காலேஜில் படித்தவர், அவரிடமும் பைக் இருக்கிறது. "மச்சான், தங்கச்சிதான் சீஃப் மெக்கானிக்காமே? இன்னாம்மா, என் வண்டிக்கும் சர்வீஸ் பண்ணித் தர்றியா, ஒரு ஃபலூடா வாங்கித் தரேன்." அண்ணன்தான் எல்லாருக்கும் முன்னால் போகப் போகிறானாம். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை.

நாளை மழை வர வேண்டும், ரைடு நின்றுபோக வேண்டும் என்று ஜெபித்தேன். பிறகுதான் உறைத்தது, மழையிலும் அவன் போவான். வழுக்கும். அந்த ஜெபத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள முடியுமா, தெரியவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

எழுத்து கோணல்.

பூசைக்கு அம்மா ஆட்டோவில் போனாள். நான் பைக்கில் அண்ணன் பின்னால். ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஷேர் ஆட்டோ ஒன்று சட்டென்று நின்றது. அண்ணன் காலால் மட்டும் மிதித்தான். பைக்கின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. அவன் முதுகில் என் முகம் மோதியது. ஆட்டோவைத் தொடாமல் நின்றோம், எப்படி என்று தெரியவில்லை.

ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "இன்னா நைனா, பிரேக்க ஊட்ல வெச்சிட்டு வந்துட்டியா?"

"ரோட்ல தண்ணிண்ணா" என்றான் அண்ணன். ரோடு காய்ந்து கிடந்தது.

பூசை ஒன்றும் காதில் விழவில்லை. வெளியே தினேஷ் அண்ணாவும் மற்ற நண்பர்களும் வண்டிகளோடு நின்றார்கள். எங்கள் பைக்குக்கு மாலை. ஃபாதர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார், அண்ணன் தலையிலும் கொஞ்சம். அம்மா ஹெட்லைட்டைத் தொட்டு முத்தமிட்டாள். அப்பா ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், கையில் டிபன் பை. அவரும் சிலுவை போட்டுக்கொண்டார்.

அண்ணன் ஹெல்மெட்டை எடுத்தான்.

"அண்ணனால பிரேக் புடிக்க முடியாது" என்றேன். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தேன். கத்திவிட்டேன் போல. ஃபாதர்கூடத் திரும்பினார். "வலது கைல பெலமே இல்ல. வரும்போது ஆட்டோல மோதப் பாத்தோம்."

"ஏய், இன்னா உளர்ற?" அம்மா.

தினேஷ் அண்ணா சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார். இரண்டு விரலை நீட்டினார். "புடி மச்சான். சும்மா ஒரு தபா, இறுக்கிப் புடி."

அண்ணன் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

அவ்வளவுதான். தன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, எங்கள் பைக்கைத் தினேஷ் அண்ணாதான் வீடு வரை ஓட்டிவந்தார், மாலையோடு. மற்றவர்கள் ஏலகிரிக்குக் கிளம்பினார்கள். அண்ணன் நடந்தே வந்தான்.

ஜூலை 14, திங்கள்

புழுக்கம். ஸ்கூலில் ஒன்றும் ஏறவில்லை.

நேற்றிலிருந்து அண்ணன் சாப்பிடவில்லை. புளிசாதம் கெட்டுப்போய்க் கொட்டியாயிற்று. அம்மா, "அத்தினி பேர் முன்னாடி ஏண்டி? எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?" அப்பா அவனிடம், "நாளைக்கு லீவ் போட்டுக்கீறேன். ஆஸ்பத்திரிக்குப் போறோம்." வண்டியை விற்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இருட்டும் நேரத்தில் போர்ட்டிகோவிலிருந்து அண்ணன் குரல். "ஏய். இங்க வா."

அடிப்பான் என்று நினைத்தேன். போனேன். சீட்டைத் தூக்கச் சொன்னான். ஸ்பேனரை இடது கையால் நீட்டினான்.

"பேட்டரி ஒயர கழட்டு. ரொம்ப நாள் நிக்கப் போவுது. மொதல்ல கருப்பு."

போன் வெளிச்சம் காட்டினான். போல்ட் இறுக்கமாக இருந்தது, அவன் போட்டதுதான், லாரி தட்டுவதற்கு முன். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். ஒயர் வந்தது. மீட்டரில் மினுக்கிக்கொண்டே இருக்கும் சின்ன விளக்கு அணைந்தது.

"இப்ப செவப்பு" என்றான். குரல் சரியில்லை. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.