நடுவில் இருப்பது எரிமலை அல்ல

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அந்தக் காலோடு மாடி ஏறி, எதிர்வீட்டு வாத்தியாரின் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம்.

நிலாவில் நீ பார்த்த அந்தப் பெரிய பள்ளம் என் பள்ளம். எட்டு மாதமாகத் திரையில் நிழல்களை அளந்து அதற்குத்தான் வரைபடம் போடுகிறேன். கண்ணால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"நடுவுல இருக்கிற மலை எரிமலையாம், சாருக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கு!" என்கிறாய். கிழித்தார். விண்கல் மோதி அமுங்கிய தரை திரும்ப எழும்பி நின்ற பாறை அது. ஆபீஸில் இதைச் சொன்னதும் பக்கத்து மேசைக்காரர், "உங்க பள்ளத்தை வேற ஒருத்தர் சுத்திக் காட்டுறாரா?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வடக்குச் சுவர் சரிந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். சரிந்தது தெற்குச் சுவர். அந்தக் குழாயில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதை அவர் சொல்லவில்லையா?

நீ போர்த்திக்கொள்கிற என் பழைய சால்வையை அனுப்பு. துவைக்காதே.

பஸ் வந்துவிட்டது. ஒன்று மட்டும். நிலா நகர்ந்துகொண்டே இருக்கும். பார்க்கிறவர் பக்கத்திலேயே ஒருவர் நின்று குழாயைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பாப்பாவை நிறுத்திக்கொள்.

உன் வீட்டுக்காரன்