பூவுக்கென்று போட்ட தூறல்

22 மார்ச் 1993, திங்கள்
மூன்று மணி வெயில் இன்றும் நேராகக் கடைக்குள் இறங்கியது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இந்த வரிசைக் கடைகளுக்கு மத்தியானம் நிழலே கிடையாது. கடை முன் அஞ்சடி நடைபாதையில் ஸ்டூல் போட்டு வல்லி மல்லிகை தொடுக்கிறாள், முதுகெல்லாம் நனைந்திருக்கிறது. காற்றாடி போடவா என்றேன். "பூ வாடிடும். போட்டீங்க, பாருங்க!" பூக்கடைக்குக் காற்றாடி ஆகாது. இருபத்தாறு வருஷமாக எனக்கும் தெரியும்.

24 மார்ச், புதன்
மயங்கி விழுந்துவிட்டாள். சாமந்தி வாளியோடு. தூக்கி உட்கார வைத்தேன். கண் திறந்ததும் அவள் கேட்டது, "கல்யாண மாலை நனைஞ்சிடுச்சா?" என்ன பொம்பளை இவ!
இனி வெக்கையில் உட்காரவே கூடாது என்றார் டாக்டர். கிள்ளானிலிருந்து மகள் ரமணி ஓடி வந்தாள். "வருஷப்பிறப்பு வியாபாரம் முடிஞ்சதும் அம்மாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்பா. இங்க வச்சிருந்தா ஒருநாள் உயிரே போயிடும்." சரியாகத்தான் சொல்கிறாள். அதுதான் எரிச்சல்.

25 மார்ச்
அவள் இல்லாத கடையை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். போதும்.

28 மார்ச், ஞாயிறு
ஆர்க்கிட் எடுக்க ரவாங்கில் சீன முதலாளி லிம் தவுக்கேயின் தோட்டம். வாராவாரம் போகிறேன், ஒருநாளும் தலைக்கு மேலே பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். மெல்லிய குழாய், அதில் வரிசையாகப் பித்தளை நாசில்கள், ஊசிமுனை ஓட்டை. பம்ப் ஓடியதும் தண்ணீர் புகை மாதிரி வருகிறது. கீழே நின்றால் கேமரன் மலைக் குளிர்தான்.
எல்லாம் கேட்டுக்கொண்டேன். மத்தியானம் நம் குழாயில் வேகம் இருக்காது, பம்ப் வேண்டும். துரு வந்து ஓட்டையை அடைக்கும், வடிகட்டி வேண்டும். கூடவே காற்றாடி வை, காற்று ஓடாவிட்டால் குளிராது, நனையத்தான் நனையும் என்றார். ஆர்க்கிட் தெரிந்தவர், பாவம், மல்லிகையைப் பற்றி என்ன தெரியும்?

29 மார்ச்
அவளுக்காக என்று சொன்னால் வேண்டாம் என்பாள். போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த மெத்தை நாற்காலியை வாடிக்கைக்காரர்களுக்குப் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்காருகிறவள். அதனால் வியாபாரமாகவே பேசினேன். "பூ வாடாம இருக்க ஒரு சாமான் போடப் போறேன்."
"பூவுக்கா?"
"பூவுக்குத்தான்."
நம்பினாளா? தெரியவில்லை.

3 ஏப்ரல், சனி
பிளம்பர் பாலன் வந்து பம்ப், வடிகட்டி வைத்துக் குழாய் ஓட்டினான். "அண்ணே, இது பூக்கடையா, கார் கழுவுற எடமா லா?" என்று சிரிப்பு வேறு. பூவுக்கு என்று சொல்லிவிட்டதால் எட்டு நாசிலையும் பூத்தட்டுக்கு மேலேயே வைக்க வேண்டியதாயிற்று. வல்லியின் ஸ்டூல் பக்கம் ஓரச் சாரல்தான் விழும். பொய் சொன்னால் குழாயும் அந்த வழியாகத்தான் போகிறது.

9 ஏப்ரல், வெள்ளி
நாசமாப் போச்சு.
காலை பதினொன்றுக்கு, கோயில் கூட்டம் திரும்பும் நேரம் பார்த்து வால்வைத் திறந்தேன். எல்லாரும் பார்க்கட்டும் என்ற திமிர்தான், வேறென்ன? ஐந்து நிமிஷம் அழகு. அரைமணியில் மல்லிகை கண்ணாடியாகி நுனி பழுத்துவிட்டது. பழைய வாடிக்கை கனகேஸ்வரி டீச்சர் ஒரு முழம் வாங்க நின்றார். நெற்றிக் குங்குமம் கரைந்து, மூக்கு வழியாக வெள்ளைச் சேலையில் இறங்கியது. "என்ன நாகையா, இது பூக்கடையோ, குளிக்கிற இடமோ?"
வல்லிதான் ஓடிவந்து வால்வை மூடினாள். "ஏங்க, தண்ணி தெளிக்கிறது வேற, பூவைக் குளிப்பாட்டுறது வேற. இது உங்களுக்குத் தெரியாதா? நெசத்தைச் சொல்லுங்க, யாருக்குப் போட்டீங்க?"
பழுத்த மல்லிகையை வாரிக் குப்பைக்குக் கொண்டுபோனேன்.

11 ஏப்ரல், ஞாயிறு
சொல்லிவிட்டேன். "உனக்குத்தான். நீ கிள்ளானுக்குப் போயிட்டா நான் யாரோட சண்டை போடுறது?"
சரத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் ஒரு முடிச்சு நழுவியது. அவள் கையில் முடிச்சு நழுவி நான் பார்த்ததே இல்லை. நழுவின முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டே, "அப்ப எனக்குப் போடுற மாதிரி போடுங்க. பூவையும் என்னையும் ஒரே தட்டுல வச்சா எப்படி?"
பிறகு அவளே திட்டம் போட்டாள். பூவெல்லாம் உள்சுவரோரம், ஈரத்துணிக்கு அடியில். அவள் மட்டும் வெளியே தூணோரம். தொடுத்த சரம் உடனுக்குடன் உள்ளே போய்விடும். பூ பக்கத்தில் இல்லையென்றால் காற்றாடிக்கு என்ன தடை? லிம் தவுக்கே சொன்னது இப்போதுதான் மண்டையில் ஏறுகிறது.

12 ஏப்ரல்
பாலன் மறுபடி வந்தான். நாலு நாசிலை அடைத்து, மீதி நாலையும் தூணோரம், தலைக்கு மேல் நல்ல உயரத்தில் மாட்டினோம். காற்றாடி அவள் முதுகுக்குப் பின்னால், தெருவைப் பார்த்து. போகிற வருகிறவர்கள் நனைவார்களா என்று பாலனை மூன்று தடவை நடக்கவிட்டேன். சட்டை காய்ந்தே இருந்தது. குங்குமம் வைத்துக்கொண்டு நடக்கச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டான்.

14 ஏப்ரல், வருஷப்பிறப்பு
நிற்க இடமில்லை. அவள் முகத்தில் வேர்வை இல்லை.

18 ஏப்ரல், ஞாயிறு
ரமணி காரோடு வந்தாள். மாடிப்படி ஓரத்தில் வல்லியின் பெட்டி தயார். நான்தான் இறக்கி வைத்தேன். பேச்சுக் கொடுத்தபடி தூணோரம் நின்றவள் நகரவேயில்லை. "என்னம்மா, இங்க இவ்வளவு குளுகுளுன்னு இருக்கு?"
"உங்கப்பா எனக்குன்னு போட்டது. நான் உன்னோட வந்துட்டா அது யாருக்கு அடிக்கும்?"
அவள் யார் மகள்? சும்மா விடவில்லை. தினமும் ஒன்றிலிருந்து மூன்று வரை அம்மா மாடியில் படுக்க வேண்டும், மறுபடி ஒரு தரம் தலைசுற்றினால் பேச்சே கிடையாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.
பெட்டியை மேலே கொண்டு வைத்தேன். கனமே தெரியவில்லை.

20 ஏப்ரல், செவ்வாய்
இரண்டரை மணி. அவள் மாடியில் தூங்குகிறாள். ஸ்டூலை எடுத்துவிட்டு மெத்தை நாற்காலியைத் தூணோரம் போட்டேன். ஈரம் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வால்வைத் திறந்து வைத்தேன்.
இறங்கி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்து நூலை எடுத்தாள்.