நீலப் பட்டை போட்ட முட்டு

அண்ணே,

செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் வாசனை வந்தது. சிரிக்காதீர்கள், கூரை வார்க்கும்போது சென்ட்ரிங் தகட்டில் பூசும் பழைய இன்ஜின் ஆயில் வாசனையைத்தான் சொல்கிறேன். விழுப்புரத்தில் இப்போது நான் பில் எழுதும் கட்டடத்தில் கூரைக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கப் போன நான், மூலையில் இன்னும் பிரிக்காமல் நின்ற ஓர் இரும்பு முட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். மற்றவற்றைப் போலவே அதிலும் சிவப்புப் பட்டை. ஆனால் சிவப்பு உதிர்ந்த இடத்தில் நீலம் தெரிந்தது.

"இது எங்க வாங்கினது?" என்று கேட்டேன்.

"திண்டிவனத்துல பழைய இரும்புக் கடையில மேடம். யாரோ வித்துட்டுப் போனதாம்."

அந்த யாரோவை எனக்குத் தெரியும். சாமான் கலந்துவிடக் கூடாது என்று சென்ட்ரிங்காரர்கள் ஆளுக்கொரு நிறம் அடிப்பார்கள். உங்கள் நீலம், கோலியனூரில் உங்கள் வீட்டுக் கதவுக்கு அடித்ததில் மிச்சம். டப்பாவின் அடியில் கிடந்ததை வீணாக்க மனம் வராமல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கரைத்து அடித்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

திண்டிவனத்தில் அந்தக் கல்யாண மண்டபம் கட்டிய இரண்டு வருடமும் நம் இருவருக்கும் சண்டை ஒரே காகிதத்தைப் பற்றித்தான். தளம் தளமாக வேலை முடியும்போது நீங்கள் பில் கொடுப்பீர்கள். செக் வருவதற்கு முன்பே, "தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளில் உங்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது கம்பெனி வழக்கம். வாங்குவது என் வேலை, சாட்சிக் கையெழுத்தும் என்னுடையது.

முதல் தடவை அந்தத் தாளை நீட்டியபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தீர்கள்.

"இன்னா மேடம் இது? சாப்ட்டேன்னு எழுதிக் குடுத்தாதான் இலையே போடுவீங்களா?"

ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நீங்கள் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி, அச்சடித்த வரிக்குக் கீழே சாய்ந்த எழுத்தில் எழுதினீர்கள்: "செக் பாஸானால்தான் இந்தக் கையெழுத்து செல்லும். இந்தத் தளம் வரைக்கும் மட்டும்." எழுதிவிட்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டீர்கள்.

அதோடு விட்டீர்களா? எல்லா முட்டுகளையும் பிரித்துவிட்டு மூலையில் ஒன்றை மட்டும் நிறுத்தி வைத்தீர்கள். இறுகிவிட்ட கூரைக்கு அந்த ஒன்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அது நிற்கும் வரை அந்த மூலையில் பூச்சு வேலை முடியாது, தரையும் போட முடியாது. இன்ஜினியர் கத்தினால், "பேங்க்லேர்ந்து மெசேஜ் வரட்டும் சார், அஞ்சு நிமிஷத்துல எடுத்துக்கினு போயிடறேன்" என்பீர்கள். சொன்னபடி எடுத்தும்விடுவீர்கள். உங்களை எல்லோரும் பேஜாரு பிடித்த ஆள் என்றார்கள். தலைமை ஆபீஸ் முணுமுணுத்துக்கொண்டே நான்கு தடவை அந்த வரியோடு தாளை வாங்கிக்கொண்டது. நான்கு செக்கும் பாஸாயின. கடைசியில் உங்கள் வரியை நானே கேலி செய்யத் தொடங்கியிருந்தேன். "உங்க கவிதையை எழுதிட்டீங்களா அண்ணே?" என்பேன். அவித்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "சிரிங்க தங்கச்சி, சிரிங்க" என்பீர்கள்.

ஐந்தாவது பில்தான் கடைசி பில். மறுநாள் விடியற்காலை மண்டபத்தில் கணபதி ஹோமம். மேடைக்குப் பக்கத்து மூலையில் உங்கள் ஒற்றை முட்டு நின்றது. நீங்கள் எழுதிய வரியோடு போன தாளை மேனேஜர் திருப்பி அனுப்பிவிட்டார். வரி இல்லாமல் புதுத் தாளில் கையெழுத்து வேண்டும், முட்டும் சாயங்காலத்துக்குள் போக வேண்டும், இரண்டும் நடந்தால்தான் செக். ஜல்தியா முடி என்று போனில் என்னை விரட்டினார்.

நான் உங்களிடம் வந்து என்ன சொன்னேன் என்பது ஒரு எழுத்துக்கூட எனக்கு மறக்கவில்லை. "நாலு செக் பாஸாச்சே அண்ணே, இது மட்டும் ஆகாமப் போயிடுமா? என் மேல நம்பிக்கை இல்லியா?"

நம்பிக்கை கம்பெனி மேல் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பீர்கள். நான் என் மேல் கேட்டேன். பேனாவுக்குக் கையை நீட்டினீர்கள்.

"நீங்க சொல்றீங்க தங்கச்சி. இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டீர்கள். முட்டை எடுக்க மட்டும் உங்களுக்குக் கை வரவில்லை. அதன் பக்கத்தில் போய் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டீர்கள். நேரமாகிறதே என்ற எரிச்சலில் நானே முட்டைத் தளர்த்தும் திருகைப் பிடித்துத் திருப்பினேன். அரைத் திருப்புதான். இறுகி நின்றது தளர்ந்துபோனது. நீங்கள் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு லாரிப் பக்கம் நடந்தீர்கள்.

அந்த செக் திரும்பியது.

நீங்கள் வக்கீலைப் பார்த்தீர்கள். கம்பெனியிலிருந்து பதில் வந்தது: பணத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டோம், செக்கைத் திரும்ப வாங்க மறந்துவிட்டோம், இதோ பெற்றுக்கொண்டதாக அவரே எழுதிக் கொடுத்த தாள், இதோ சாட்சி. சாட்சி நான். ரொக்கம் என்று ஒரு ரூபாய்கூட உங்கள் கைக்கு வரவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆளும் நான்.

உங்கள் வக்கீல் கூப்பிட்டபோது வருகிறேன் என்றுதான் சொன்னேன். அந்த நாள் வந்ததும் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். பையனுக்குக் கல்லூரியில் இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். இதை எந்த அலங்காரமும் இல்லாமல் உங்களிடம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்த மடல். எனக்குக் காய்ச்சல் இல்லை அண்ணே.

உங்களை நம்பி வேலை செய்தவர்கள் பதினொரு பேர். அவர்கள் கூலிக்காகத் தகடும் முட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அதன் பிறகு ஒரு நாள் விக்கிரவாண்டி டோல்கேட் அருகே பஸ்ஸிலிருந்து உங்களைப் பார்த்தேன். வேறு யாருடைய தகட்டையோ தலையில் சுமந்துகொண்டு போனீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் பார்த்தீர்களா என்று இன்றுவரை தெரியாது.

போன தை மாதம் நெஞ்சு வலியில் நீங்கள் போய்விட்டதாகச் சொன்னார்கள். கோலியனூருக்கு வந்தேன். கதவில் அந்த நீலம் அப்படியே இருந்தது. அண்ணி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, "உங்க மேல அவருக்கு வருத்தமே இல்லம்மா. அதுவும் சம்பளத்துக்கு இருக்கற பொண்ணுதானேன்னு சொல்லிக்கினு இருப்பாரு" என்றார். தண்ணீரைக் குடிக்காமலேயே சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். சிவப்புப் பட்டை மேஸ்திரிக்கு நான் கொண்டுபோனதும் அதே மாதிரித் தாள்தான். கம்பெனி வேறு, வாசகம் ஒன்று. அவர் படிக்காமலேயே பேனாவைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. தாளைச் சுவரில் வைத்து, அச்சடித்த வரிக்குக் கீழே உங்கள் வரியை என் கையால் எழுதிவிட்டுப் பிறகு நீட்டினேன்.

"ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா மேடம்?"

"ஒத்துக்கலன்னா நான் பேசிக்கிறேன். அந்த மூலை முட்டை மட்டும் எடுக்காதீங்க. செக் பாஸாகட்டும்."

ஆபீசில் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மூன்று நாளும் திட்டு வாங்கினேன். இந்தத் தடவை மட்டும் தாளை வாங்கிக்கொண்டு செக்கைக் கொடுத்தார்கள், இன்னும் ஒரு தடவை இப்படிச் செய்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். பையன் படித்து முடித்துவிட்டான், இப்போது எனக்குத் தைரியம் வந்ததில் பெருமை ஒன்றுமில்லை.

இன்று மத்தியானம் செக் பாஸானது. மேஸ்திரி போனைக் காட்டிவிட்டுச் சிரித்தார். "நீங்க நிறுத்தி வெச்ச முட்டு, நீங்களே திருப்பி விடுங்க மேடம்" என்று திருகைக் காட்டினார்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர்தான் திருப்பினார். அன்றைக்கு நான் திருப்பிய அந்த அரைத் திருப்பு இன்னும் என் மணிக்கட்டிலேயே இருக்கிறது அண்ணே.